தொட்டியை விட்டு ஏறாதவள்

ஆயர் எர்மோகெனேஸ் வந்த பிறகு எங்கள் ஊரில் துணி துவைக்கும் துறையில்கூட நிம்மதி போயிற்று. ஒருத்தி துணியை ஒரே அலசில் பிழிந்து போட்டால், "என்னடி, நீயும் புது ஆயர் பக்கம் சாஞ்சிட்டியா? ஒண்ணோட விட்டுட்ட?" என்று பக்கத்துக் கல்லில் இருப்பவள் கேட்பாள். மூன்று தரம் அலசுகிறவளைப் பார்த்து, "அரண்மனைக்குத் தெரிஞ்சா உன்னையும் கப்பல்ல ஏத்திருவாங்க, பாத்து அலசு" என்பாள் இன்னொருத்தி. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். சிரித்து முடித்த பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டாள்.

கப்பலில் ஏற்றப்பட்டவர் எங்கள் பழைய ஆயர் ஒனேசிமோஸ். முழுக்கு என்கிற ஞானஸ்நானத்தின்போது தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்று பெயரையும் சொல்லி, பெயருக்கு ஒன்றாக மூன்று தரம் தண்ணீரில் முக்கி எடுப்பது அவர் வழக்கம். அவருக்கு முன்னால் இருந்தவர்களின் வழக்கமும் அதுதான். பேரரசரின் அரண்மனை அனுப்பிய விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். படைவீரர்கள் வந்து அவரைக் குளிர் கொல்லும் திராக்கியாவுக்கு நாடுகடத்திக் கொண்டுபோனார்கள். அவரை ஏற்றிப்போக வந்த அதே கப்பலில் எர்மோகெனேஸ் வந்து இறங்கினார், ஒரு மூட்டைப் புத்தகத்தோடும், விதவையான அக்காள் புரோக்லாவோடும்.

அவர் கட்சி வேறு. "தந்தை யாருக்கும் பிறக்காதவர். மகன் அவருக்குப் பிறந்தவர். பிறக்காதவரும் பிறந்தவரும் எப்படிய்யா ஒரே தரத்துல இருப்பாங்க?" என்று கேட்பார். "கிறிஸ்து செத்தது ஒரு தடவை. அவரோட சாவுக்குள்ள இறங்க ஒரு முழுக்கு போதும்" என்பார். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் எங்கேயோ இடிக்கும்.

கெட்டவராக இருந்திருந்தால் எனக்குப் பாதித் தொல்லை மிச்சம். அவித்த கடலையும் தண்ணீரும்தான் அவர் சாப்பாடு. தரையில் படுப்பார். காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு மூக்கைப் பொத்தாமல் போவார். சொல்வதை மனதார நம்புகிற மனிதர். அப்படிப்பட்டவரோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

நான் பசில்லா. இந்த ஊர் ஆலய ஊழியக்காரி. பெண்களுக்கு முழுக்குக் கொடுக்கும்போது அவர்களோடு தண்ணீரில் இறங்குகிறவள் நான்தான். பிறந்த மேனியாக இறங்க வேண்டும் என்பது எங்கள் முறை. அப்படி இறங்கும் பெண் மீது எந்த ஆணின் கண்ணும் படக்கூடாது என்பதும் எங்கள் முறை. அதனால் தொட்டிக்கு முன்னால் கனத்த திரை தொங்கும். ஆயர் திரைக்கு அந்தப் பக்கம் நின்று வார்த்தை சொல்வார். இந்தப் பக்கம் நான் அவள் உடம்பெல்லாம் ஒலிவ எண்ணெய் தேய்த்து, கையைப் பிடித்து இறக்கி, தலையை அமுக்கி, தூக்கி விடுவேன். வாய் அவருடையது, கை என்னுடையது. இரண்டில் ஒன்று வராவிட்டாலும் அது முழுக்கு இல்லை, வெறும் குளியல்.

உயிர்ப்புப் பெருநாள் முடிந்த மறு ஞாயிறு எர்மோகெனேஸ் பீடத்தில் ஏறி, மூன்று தரம் முழுகியவர்கள் எல்லாரும் முழுக்குப் பெறாதவர்களே, அவர்கள் திரும்ப வந்து முறைப்படி பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். மூப்பர் லெயோந்தியோஸ் தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பழைய ஆயரோடு காலமெல்லாம் பீடத்தில் நின்றவர். புது அறிக்கையில் முதல் கையெழுத்து அவருடையதுதான். "எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு பசில்லா" என்றார் என்னிடம். "பிள்ளைகுட்டி இல்லாதவங்களுக்குத் திராக்கியாவுல குளிராதா மூப்பரே?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அன்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒருத்திதான் எழுந்தாள். உப்புமீன் வியாபாரி சோத்திகோஸின் மனைவி மெலித்தினே.

"ஆயரய்யா, செத்துப்போனவங்க?"

"அவங்களைக் கடவுளோட இரக்கத்துக்கு விட்டுடுவோம்மா."

"அது இல்ல நான் கேட்டது. அவங்க முழுக்கு எடுத்தவங்களா, எடுக்காதவங்களா?"

எர்மோகெனேஸ் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "எடுக்காதவங்கதான்" என்றார்.

அன்றிலிருந்து மரித்தோருக்கான ஜெபத்தில் அந்தப் பெயர்களைச் சொல்வது நின்றது. மெலித்தினேயின் மகள் ரோதேயின் பெயரும் நின்றது.

ரோதே என் கையில் முழுக்குப் பெற்ற குழந்தை. நான்கு வயது. அதற்கு இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் தொண்டை அடைத்துக் காய்ச்சல் வந்து, இனி தேறாது என்று தெரிந்ததும் ஆயர் ஒனேசிமோஸை வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். தொட்டிக்கு எங்கே போவது? சோத்திகோஸ் மீன் ஊறப்போடும் மரத்தொட்டி ஒன்றைத் தேய்த்துக் கழுவி வைத்தான். எத்தனை தேய்த்தாலும் மீன் வாடை போகவில்லை. வெந்நீர் விளாவி ஊற்றினோம். குழந்தை என்பதால் திரைகூடப் போடவில்லை. ஆயர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல நான் அவளை மூன்று தரம் முக்கி எடுத்தேன். அதுவரை கண்ணே திறக்காமல் கிடந்தவள், மூன்றாம் முறை எழுந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இன்னொண்ணு" என்றாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். "போதும்டி கண்ணு, முடிஞ்சிருச்சு" என்றேன். மறுநாள் பொழுது ஏறும்போது போய்விட்டாள்.

மெலித்தினே அதுவரை முழுக்குப் பெற்றவள் இல்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். முழுக்குக்குப் பிறகு செய்யும் பாவத்தைக் கழுவ வேறு தண்ணீர் கிடையாது என்று பயந்து, தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, கிழடு தட்டியோ படுக்கையில் விழுந்தோதான் கேட்பார்கள். ஆனால் அந்த ஆண்டு மெலித்தினேயின் வயிற்றில் மறுபடி பிள்ளை. ரோதேயைப் பெற்றபோதே அவள் பிழைத்தது மறுபிழைப்பு, பக்கத்தில் இருந்தவள் நான். இந்தப் பிரசவத்தில் என்ன ஆகுமோ என்ற நினைப்பு அவளுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆவி இறங்கிய பெருநாளன்று முழுக்குப் பெறுகிறேன் என்று பெயர் கொடுத்தாள்.

பெருநாளுக்கு முந்திய வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். சோத்திகோஸ் முற்றத்தில் நெத்திலியை உப்புப் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்களே சொல்லுங்கக்கா" என்றான் என்னிடம். "ஒண்ணோ மூணோ, நனைஞ்சா சரிதானே? இந்த மீனை நான் எத்தனை தடவை உப்புல போடுறேன்? ஒரே தடவை. கெட்டா போகுது?"

"உங்க மீன் சொர்க்கத்துக்கா போகுது? சந்தைக்குத்தானே போகுது" என்றாள் மெலித்தினே உள்ளேயிருந்து.

அவளைத் தனியே உட்காரவைத்து நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "இங்க பாரு. அவர் ஒண்ணு சொல்லட்டும், நான் ஒண்ணு முக்குறேன். அதோட ஏறாம, சத்தமில்லாம இன்னும் ரெண்டு தடவை தலையை உள்ள இழுத்துக்க. புரோக்லா அங்கதான் காவலுக்கு நிப்பா. அவளுக்குக் கண்ணு மங்கல். நான் முதுகைக் காட்டி மறைச்சுக்கிறேன்."

"பேரு சொல்லாம முங்கினா அது குளியல்னு நீங்கதானே சொல்வீங்க?"

"கடவுளுக்குத் தெரியாதாடி?"

"கடவுளுக்குத் தெரியும்க்கா. எனக்குத்தான் மனசு ஒப்பாது. அவ போன வழியில நான் போகணும். அவ ஒண்ணும் திருட்டுத்தனமாப் போகல. ஊரறியப் பேரு சொல்லிப் போனா."

"அந்த ஆள் சொல்ல மாட்டார்."

"கேட்டுப் பாக்குறேன்."

"கேட்டா தந்துடுவாரா?"

"தர்ற வரைக்கும் கேக்குறேன்."

சாதுவாக இருக்கிறவளின் பிடிவாதம் எனக்குத் தெரியும். சத்தம் போடுகிற என்னைப் போன்றவளை ஒரு கிண்ணம் திராட்சை ரசம் கொடுத்துச் சமாதானப்படுத்திவிடலாம். மெலித்தினே மாதிரி ஆட்களை ஒன்றும் செய்ய முடியாது.

பெருநாள் காலை. வெளியே நல்ல வெயில். ஆனால் எங்கள் முழுக்கு மண்டபத்துத் தொட்டிக்கு மலையிலிருந்து நேராகத் தண்ணீர் வருகிறது. கோடையிலும் பல்லைக் கிட்டவைக்கும் தண்ணீர் அது. ஆண்களெல்லாம் முழுகி முடித்து ஆலயத்துக்குள் போய்விட்டார்கள். பெண்களை ஒவ்வொருவராக இறக்கினேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தைதான் வந்தது, நானும் ஒன்றுதான் முக்கினேன். வாய் சொல்லாததைச் செய்யக் கைக்கு அதிகாரம் இல்லை. முழுகியவர்கள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். படிக்கு மேலே புரோக்லா கைகட்டி நின்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி அதிக நேரம் ஈரத்தில் இருக்கக்கூடாது என்று மெலித்தினேயைக் கடைசியாக வைத்திருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

எண்ணெய் தேய்க்கும்போது அவள் வயிறு கல் போல இறுகியிருந்தது. கையைப் பிடித்து இறக்கினேன். இடுப்புக்கு மேல் தண்ணீர். மூச்சை உள்ளே இழுத்தாள்.

"கிறிஸ்துவின் மரணத்துக்குள் முழுக்குப் பெறுகிறாய்" என்றார் எர்மோகெனேஸ் திரைக்குப் பின்னால்.

முக்கினேன். எழுந்தாள்.

"ஏறி வா, மகளே."

அவள் ஏறவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டு, திரையைப் பார்த்து, "இன்னும் முடியலையே ஆயரய்யா. தந்தை, மகன், தூய ஆவின்னு மூணு பேரையும் சொல்லுங்க. நான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முழுக்கு முடிஞ்சதும்மா. ஏறு."

"ஏற மாட்டேன்."

"புரோக்லா" என்றார் ஆயர். "அவளைக் கைபிடிச்சு ஏத்து."

புரோக்லா இரண்டு படி இறங்கினாள். மெலித்தினே அப்படியே முழங்காலை மடித்துத் தண்ணீருக்குள் உட்கார்ந்தாள். கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. புரோக்லாவின் பாதம் தண்ணீரில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். "உக்காந்துட்டா" என்றாள் திரையைப் பார்த்து. வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அரண்மனையின் ஆணை அந்த மனிதரின் கையில் இருந்தது. கூப்பிட்டால் படைவீரர்கள் வருவார்கள். ஆனால் ஒரு முழத் துணிக்கு இந்தப் பக்கம் ஆடையில்லாமல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆயரும் உள்ளே வர முடியாது, மூப்பரும் வர முடியாது, படைவீரனும் வர முடியாது. கணவனே வர முடியாது. உள்ளே வந்து அவளைத் தூக்கக்கூடிய ஆள் ஊரில் ஒருத்திதான். நான் அவள் பக்கத்திலேயே நின்றேன்.

"பசில்லா" என்றார் ஆயர்.

"இருக்கேன் ஆயரய்யா."

"தூக்கி ஏத்து."

எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறேன். மயங்கி விழுந்தவளை, பயந்து கத்தினவளை, எண்ணெயில் வழுக்கிய குண்டச்சிகளை. அவள் அக்குளுக்குள் கையைக் கொடுத்தால் ஒரு மூச்சில் படியில் வைத்துவிடுவேன். அவள் உதடு அதற்குள் நீலம் பாரித்திருந்தது. வயிற்றில் ஏழு மாதம். தூக்குவதுதான் புத்தி. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் என்ன செய்வேன் என்று சும்மா பார்த்தாள்.

"என் கை வராது ஆயரய்யா" என்றேன்.

"கைக்கு என்ன?"

"நல்லாத்தான் இருக்கு. வராதுன்னு சொல்றேன்."

"நாளைக்கு உனக்கு இந்த ஊழியம் இருக்காது, தெரியுதா?"

"முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் மார்பைத் தொட்டதும் உயிர் போய் வந்தது. அவள் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

ஆலயத்திலிருந்து சலசலப்புக் கேட்கத் தொடங்கியது. முந்தின நாள் சாப்பிட்டதோடு எல்லாரும் விரதம். முழுக்கு முடிந்து, திருவிருந்து முடிந்தால்தான் ஊருக்கே சோறு. சோத்திகோஸின் குரல் தூரத்தில் கேட்டது: "என்னய்யா ஆச்சு என் பொண்டாட்டிக்கு?" யாரோ அவனுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "அவ உக்காந்துட்டாளா? அப்ப நான் வீட்டுக்குப் போயிட்டு வந்துடுறேன். இது இன்னைக்கு முடியாது" என்றான். சுவரோரம் இருந்த பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான்.

ஆயர் சிரிக்கவில்லை. அவர் குரல் மாறியது. அதட்டல் போய், பொறுமை வந்தது. "மெலித்தினே, உன் வயித்துப் பிள்ளைக்கு ஆபத்தும்மா. அதை நினைச்சுப் பாரு."

"நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அதனாலதான் சீக்கிரம் சொல்லுங்கன்னு கேக்குறேன்."

"நீ கேக்குறது தப்பான முழுக்கு. அது உன்னைச் சேர்க்காது."

"ரோதேயைச் சேத்துச்சா, இல்லையா?"

திரைக்குப் பின்னால் அவர் காலடி இரண்டு எட்டு நகர்ந்து நின்றது.

"சொல்லுங்க ஆயரய்யா. என் பொண்ணு மூணு தடவை முங்கினா. நான் பக்கத்துல நின்னேன், அக்கா கையில இருந்தா. அவ இப்ப எங்க இருக்கா?"

அப்போதுதான் நான் நினைத்தே பார்க்காத இடத்திலிருந்து குரல் வந்தது. படிக்கு மேல் நின்ற புரோக்லா திரையை நோக்கித் திரும்பியிருந்தாள். சபையில் அவள் தன் தம்பியை ஆயரய்யா என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"தம்பி" என்றாள். "நம்ம அம்மாவும் மூணுதானே?"

அந்தப் பக்கம் ஏதோ உலோகம் கல்லில் பட்டது. எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார் போலிருக்கிறது.

"ஆமா" என்றார்.

"அப்ப அம்மா எங்க இருக்கு?"

"அதைத்தான் அக்கா நான் தினம் கடவுள்கிட்ட கேக்குறேன்." அந்த மாதிரிக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. "நம்ம அம்மாவுக்கு யாரும் சரியான முழுக்கைக் குடுக்கல. அவங்க கேட்டாங்க, நம்பினாங்க, இவங்க தப்பானதைக் குடுத்து அனுப்பிட்டாங்க. இன்னும் ஒருத்தரைக்கூட அப்படி அனுப்பக்கூடாதுன்னுதான் நான் இப்படி ஊர் ஊரா அலையுறேன். இப்ப நானே என் வாயால அதைச் சொல்லணுமா?"

இத்தனை நாள் இவர் அரண்மனைக்காகப் பேசுகிறார், புத்தகத்துக்காகப் பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். அவரும் தாயைத் தொலைத்துவிட்டுத்தான் நிற்கிறார். திரைக்கு இரண்டு பக்கமும் ஒரே துக்கம்தான்.

மெலித்தினேயின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. இருந்தாலும் அவள் பேசியது தெளிவாக இருந்தது.

"ஆயரய்யா, நீங்க சொல்றது சரியா இருக்கலாம். எனக்குப் படிப்பு இல்ல. உங்க வழியில முங்கினவங்க வெளிச்சத்துக்குப் போகலாம். எங்க வழியில போனவங்க இருட்டுல நிக்கலாம். ஆனா என் பொண்ணு அங்க நிக்கிறா. இருட்டுன்னா அவளுக்குப் பயம். நான் அங்கதான் போகணும். நீங்க உங்க அம்மாவை விட்டுட்டு வெளிச்சத்துக்குப் போவீங்களா? என்னால முடியாது."

தொட்டிக்குள் மலைத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் சொன்னா அது பொய்யாயிடும்" என்றார் எர்மோகெனேஸ் கடைசியில். "நம்பாத வார்த்தையைச் சொல்லி ஒருத்தரை நான் தண்ணில இறக்க மாட்டேன். என்னை மன்னிச்சுக்கம்மா."

அவர் நடந்துபோகும் சத்தம் கேட்டது. மெதுவான நடை. கதவு திறந்து மூடியது. படைவீரரைக் கூப்பிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறேன்.

அவர் போய்விட்டார், வாய் போய்விட்டது. என் காலில் உணர்ச்சி இல்லை. மெலித்தினே என் தோளில் சாய்ந்துவிட்டாள். ஆனால் எழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நானே தூக்கிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. தூக்கினால் ஆயுசுக்கும் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்பதும் தெரிந்தது. அப்போதுதான் திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த மூக்கு அது.

"மூப்பரே! அங்கதான் நிக்கிறீங்களா?"

"நிக்கிறேம்மா" என்றார் லெயோந்தியோஸ். ஆயருக்கு எண்ணெய் ஏந்த வந்தவர், ஆயர் போன பிறகும் நகராமல் நின்றிருக்கிறார்.

"வாய் இருக்கா, அதையும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்களா?"

"பசில்லா, இது தெரிஞ்சா..."

"தெரியத்தான் போகுது. ஊரே அடுத்த அறையில பசியோட உக்காந்திருக்கு."

அவர் இருமினார். தொண்டையைச் செருமினார். மறுபடி இருமினார். கதவு திறக்கும், ஓடிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். நான் இவ்வளவு நாள் அவரைக் கிண்டல் செய்ததெல்லாம் சரிதான் என்று ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

"தந்தையின் பெயரால்" என்றார்.

ஒரு கணம் எனக்குப் புரியவே இல்லை. மெலித்தினேதான் என் கையைக் கிள்ளினாள். எழுந்தேன், அவளையும் எழுப்பினேன், முக்கினேன்.

"மகனின் பெயரால்." குரல் கீச்சென்று உடைந்தது. முக்கினேன்.

"தூய ஆவியின் பெயரால்!" இதைக் கத்தியே சொன்னார். ஆலயத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். முக்கினேன், தூக்கினேன். இந்த முறை அவள் ஏறினாள்.

படியின் மேலே வெள்ளை அங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டு புரோக்லா நின்றாள். தம்பியோடு போயிருக்க வேண்டியவள், போகவில்லை. மெலித்தினேயை அங்கியால் சுற்றி, தன் மேல்சால்வையையும் கழற்றி அதற்கு மேல் போர்த்தினாள்.

பிறகு நடந்தது எங்கள் ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. என் ஊழியம் போயிற்று. லெயோந்தியோஸ் பீடத்திலிருந்து இறக்கப்பட்டு, பிள்ளைகுட்டியோடு ஒலிவத் தோட்டத்தில் கூலிக்குப் போனார். பழைய வழக்கத்தை விடாத நாங்கள் ஜெபத்துக்குச் சோத்திகோஸின் மீன் கொட்டகையில்தான் கூடினோம். அந்த வாடையில் ஜெபம் செய்து பழகியவர்களுக்கு நரகமே மணக்கும் என்பேன். மெலித்தினேக்கு அறுவடைக் காலத்தில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. நான் அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சையெல்லாம் அன்றைக்குத்தான் சேர்த்து விட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. அன்றைக்குத் தொட்டியோரம் நடந்த இன்னொன்றை.

மெலித்தினேயைச் சுவரோரம் உட்காரவைத்து, மற்றப் பெண்கள் அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவள் காலைப் பிடித்து மடியில் வைத்துத் தேய்த்தேன். பிள்ளை உதைக்கிறது என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னாலிருந்து மூப்பரின் குரல்.

"பசில்லா, எனக்கு ஒரு சந்தேகம்."

"என்ன?"

"ஆயர் குடுத்தது ஒண்ணு. நான் குடுத்தது மூணு. மொத்தம் நாலு ஆயிடுச்சேம்மா. நாலு முழுக்கு எந்தச் சபையிலயும் கிடையாது. அந்த ஒண்ணை என்ன கணக்குல வைக்கிறது? அது தப்பாயிடுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "இப்பத்தான் வாயைத் திறந்தீங்க, அதுக்குள்ள மறுபடி கணக்கா? ஒண்ணுன்னு ஒருத்தர், மூணுன்னு ஒருத்தர், இப்ப நாலுன்னு நீங்க ஒரு சபை ஆரம்பிக்கப் போறீங்களா?"

"இருக்கட்டும் விடுங்கக்கா" என்றாள் மெலித்தினே. குளிரில் வார்த்தை தட்டுத்தடுமாறி வந்தது. "அந்த ஒண்ணு எனக்கில்ல."

"பின்னே?"

"ரோதே கேட்டாளே. மூணாவது முடிஞ்சதும் இன்னொண்ணுன்னு கேட்டா. போதும்டி கண்ணுன்னுட்டோம்." அவள் தன் ஈரத் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "அங்க போனதும் அவகிட்ட குடுத்துடுவேன்."

நான் அவள் பாதத்தில் சூடு வரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன்.